ஒரே நிகழ்வைப் பல நாட்டு ஊடகங்களில் படிக்க: தொடக்கநிலை வழிகாட்டி

பத்துத் தளங்களில் படித்தாலும் பத்திலும் இருப்பது ஒரே நிருபர் எழுதியதாக இருக்கலாம். அதனால் தளங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்கப் பழகுவோம்.

படி 1: மூலத்தைக் கண்டுபிடியுங்கள்
வெளிநாட்டுச் செய்தி ஒன்றைத் திறந்து, தலைப்பின் கீழும் கடைசி வரியிலும் பாருங்கள். ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி என்று இருந்தால் அது பல ஊடகங்களுக்குச் செய்தி விற்கும் செய்தி முகமையிடம் வாங்கியது. ஏபி 1846 முதலும் ராய்ட்டர்ஸ் 1851 முதலும் இந்த வேலையைச் செய்கின்றன. நம்பகமானவைதான். ஆனால் மூன்று தளங்களில் ஒரே முகமைச் செய்தி வந்தால், அதை ஒரே மூலமாகத்தான் கொள்ள வேண்டும். பெயர் இல்லையா? ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், பெரும்பாலும் தெரிந்துவிடும்.

படி 2: பணம் யாருடையது?
இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். பிபிசிக்குப் பெரும்பங்கு வருமானம் பிரிட்டிஷ் குடும்பங்கள் செலுத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம். ஜெர்மனியின் ஊடகமான டாய்ச்ச வெல்லேக்கு ஜெர்மன் வரிப்பணம். 1996-இல் தொடங்கிய அல் ஜசீராவுக்குக் கத்தார் அரசின் நிதி, ஆர்டி (RT) என்ற ரஷ்யத் தொலைக்காட்சிக்கு ரஷ்ய அரசின் நிதி. அரசுப் பணம் என்பதாலேயே எல்லாம் பொய்யாகிவிடாது. அரசின் தலையீட்டிலிருந்து ஆசிரியர் குழுவைச் சட்டம் காக்கிறதா என்பதே முக்கியம். கத்தாரைப் பற்றி அல் ஜசீராவை மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள்.

படி 3: அந்த மண்ணின் குரலைச் சேருங்கள்
என்னைக் கேட்டால் இதுதான் அதிகம் கற்றுத்தரும் படி. சூடான் என்றால் ரேடியோ தபங்கா. நெதர்லாந்திலிருந்து இயங்கினாலும் சூடான் மக்களுக்கானது. ரஷ்யா என்றால் லாட்வியாவிலிருந்து வரும் மெதுசா செய்தித் தளம். இரண்டுக்கும் ஆங்கிலப் பக்கம் உண்டு. மற்றவற்றுக்கு உலாவியின் மொழிபெயர்ப்பு போதும். பெயர்களையும் எண்களையும் மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஓரிடத்தில் திரட்டுங்கள்
பல தளங்களின் புதிய செய்திகளை ஒரே பட்டியலில் காட்டும் ஆர்எஸ்எஸ் (RSS) செயலி ஒன்றில் நான்கைந்து தளங்களைச் சேர்த்தால் போதும்.

படி 5: தளம் திறக்கவில்லையா?
2022 மார்ச்சில் ரஷ்யா பிபிசி தளத்தை முடக்கியது; அதே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் ஆர்டியைத் தடைசெய்தது. ஆக, தடை எங்கேயும் வரலாம். பிபிசிக்கு 2019 முதல், தடையைத் தாண்ட உதவும் டார் (Tor) உலாவியில் திறக்கும் தனி முகவரி இருக்கிறது. சில நாடுகளில் இப்படிப்பட்ட கருவிகளைப் பயன்படுத்துவதே சிக்கலாகலாம் என்பதால் முதலில் உள்ளூர்ச் சட்டத்தைப் பாருங்கள். அப்புறம், உலாவியை இணையம் சரியாக இருக்கும்போதே இறக்கி வையுங்கள். தடை வரும் நாளில் அதைத் தரும் தளமும் சேர்ந்தே முடங்கியிருக்கலாம்.