படகை விட்டு ஊருக்குப் போகும்போது பிரிட்ஜை ஓடவிடலாமா?

ஒரு வாரம் வெளியூர் போகிறீர்கள், படகு மரீனாவில், அதாவது படகுத்துறையில், கட்டிக் கிடக்கிறது, பிரிட்ஜில் அரை பாக்கெட் பாலும் கொஞ்சம் வெண்ணெயும் மிச்சம். காலி செய்து அணைத்துவிட்டுப் போங்கள் என்பதுதான் என் பதில். அந்த அரை பாக்கெட் பாலுக்காகப் பேட்டரியைப் பணயம் வைக்கிறோம், பேட்டரி போனால் படகின் அடிப்பள்ளத்தில் (பில்ஜ்) சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பும் போச்சு.

12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4, 5 ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த ஊரில் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடும், மலேசியாவின் லங்காவி மாதிரி வெக்கையில் பாதி நேரமோ அதற்கு மேலோ. ஆக ஒரு நாளைக்கு 35 முதல் 60 ஆம்பியர்-மணி வரை போகும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, அதனால் சார்ஜ் ஏறாவிட்டால் ஒன்றரை நாள் தாங்கினாலே பெரிது. வோல்ட்டேஜ் குறைந்தால் பிரிட்ஜ் தானே நின்றுவிடுமே என்பார்கள். நிற்கும், ஆனால் பல கம்ப்ரசர்களில் அந்த அளவு 10.4 வோல்ட் பக்கம்தான், அதற்குள் பேட்டரி கிட்டத்தட்ட காலி. அப்படியே நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, அப்புறம் சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு வராது. அந்த நேரம் பார்த்துப் படகில் எங்காவது நீர் கசிந்தால் இறைக்க ஆளில்லை.

கரையிலிருந்து கரண்ட் வருகிறது, சார்ஜர் ஓடுகிறது என்றால் விடலாம்தான். நானும் அப்படி நம்பி மீனை வைத்துவிட்டுப் போனேன். கரையில் மரீனாவின் பிரேக்கர் விழுந்து எத்தனை நாள் ஆனதோ, திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அடித்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. சோலாரும் அப்படித்தான்: 100 வாட் பேனல் நல்ல வெயிலில் சுமார் 25, 30 ஆம்பியர்-மணி தரும், பாய்மரத்தின் நிழல் விழுந்தால் அதுவும் இல்லை. 200 வாட்டுக்குக் குறைவென்றால் ஓடவிடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கடல்நீரால் குளிரூட்டும் வகை பிரிட்ஜ் என்றால் கட்டாயம் அணையுங்கள், ஆளில்லாத படகில் கடல் வால்வைத் திறந்துவைப்பது வம்பு.

அணைப்பது என்றால் தெர்மோஸ்டாட்டைக் குறைப்பதல்ல, பிரேக்கரிலேயே அணைக்க வேண்டும். முந்தின நாளே காலி செய்து, பனி உருகிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். அதை பில்ஜுக்குள் வடியவிட்டால் படகே நாறும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, கதவு மூடாதபடி இடையில் ஒரு துணியைச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். மெயின் சுவிட்சையும் அணைப்பவர்கள், அதன் பிறகு பில்ஜ் பம்ப்பின் மிதவையைக் கையால் தூக்கி அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள்.

இல்லை, ஓடவிட்டே தீருவேன் என்றால் சரி, பிரீசரில் ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு காசு வையுங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால் நடுவில் பனி உருகியிருக்கிறது என்று அர்த்தம்; எல்லாம் மறுபடி உறைந்து பார்க்க நன்றாகவே இருந்தாலும், உள்ளே இருக்கும் மீனைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.