ஜன்னல் துடைக்கும் தொழில்: கட்டணம் வைப்பதும், கட்டுப்படியாகும் வாடிக்கையாளரைத் தேடுவதும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு ஜன்னலுக்கு எவ்வளவு வாங்கலாம்?" என்றுதான். நான் தொகை எதுவும் சொல்வதில்லை. அதே பகுதியில் வேலை செய்யும் இன்னொருவர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்வது பலரின் வழக்கம். அந்த இன்னொருவருக்கே அந்தக் கட்டணம் கட்டுப்படியாகிறதா என்று யாரும் கேட்பதில்லை. நஷ்டத்தில் ஓடுகிறவரைப் பார்த்து விலை வைத்தால் அவரைவிட வேகமாக நஷ்டப்படுவோம். விலை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வரவேண்டும்.

துடைக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சோப்பு நீர் எவ்வளவு, வைப்பரை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதற்கெல்லாம் இங்கே போகவில்லை.

முதல் படி: கண்ணாடி நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

மாதம் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். வீட்டுச் செலவு மட்டும் போதாது. ரப்பர் பட்டை, துணி, சோப்பு, எரிபொருள், தொலைபேசி, காப்பீடு, வரி, ஏணியும் கருவிகளும் தேய்ந்தால் புதிதாக வாங்க ஒதுக்கும் தொகை எல்லாம் அதில் சேரவேண்டும். எந்த நாட்டுப் பணமானாலும் சரி, கணக்குக்காக மொத்தம் 16,000 என்று வைத்துக்கொள்வோம்.

இதை மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 77 வருகிறது. காகிதத்தில் சரியாகத் தெரியும். ஆனால் மழை, உடம்பு சரியில்லாத நாள், வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் தள்ளிப்போடும் நாள் எல்லாம் போக, கையில் நிற்பவை 20 நாட்கள். அந்த 20 நாட்களிலும் 8 மணி நேரம் முழுவதும் கண்ணாடியில் கை இருப்பதில்லை. பயணம், வண்டி நிறுத்த இடம் தேடுவது, ஏணி இறக்கி ஏற்றுவது, புது வாடிக்கையாளர் வீட்டைப் பார்த்துவிட்டு வருவது, பணத்துக்குக் காத்திருப்பது, இரவில் துணி அலசுவது. இவை போனால் கண்ணாடி நேரம் நாளுக்கு 5 மணிதான் மிஞ்சும்.

இப்போது பிரியுங்கள். 16,000ஐ 20ஆல் வகுத்தால் நாளுக்கு 800. அதை 5ஆல் வகுத்தால் மணிக்கு 160. முன்பு வந்த 77க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 77 என்று விலை வைத்தவர் மாதம் 100 கண்ணாடி மணி நேரம் உழைத்து 7,700 சம்பாதிப்பார். தேவையில் பாதிகூட இல்லை. நாள் முழுக்க வேலை செய்தும் கடன் ஏறுகிறது என்று புலம்புகிறவர்களிடம் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இந்த ஓட்டைதான் இருக்கும்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் புறப்பட்ட நேரம், முதல் கண்ணாடியை நனைத்த நேரம், கடைசிக் கண்ணாடியைத் துடைத்து முடித்த நேரம் ஆகிய மூன்றையும் குறித்துவந்தால் உண்மையான கண்ணாடி நேரம் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: மணியை ஜன்னலாக மாற்றுங்கள்

மணிக்கட்டணத்தை வாடிக்கையாளரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். அது உங்கள் நோட்டுக்குள் இருக்கட்டும். மணிக்கணக்கில் வாங்கினால், கை பழகி வேகம் கூடக் கூட வருமானம் குறையும். திறமைக்கு நாமே அபராதம் கட்டுவது போல் ஆகிவிடும். வீட்டுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று முழுத் தொகையாகச் சொல்லுங்கள்.

சாதாரண ஜன்னல் ஒன்றை உள்ளும் புறமும் துடைக்க 6 நிமிடம் ஆகிறது என்றால், மணிக்கு 160 வீதம் அதன் விலை 16. ஆனால் எல்லா ஜன்னலும் சாதாரணமானவை அல்ல. சதுர மீட்டர் கணக்கில் விலை சொல்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் உள்ள ஒற்றைக் கண்ணாடியின் ஓரத்தை அளந்தால் 4 மீட்டர். அதே அளவு ஜன்னலை மரச்சட்டம் போட்டு நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று என்று 12 சிறு கண்ணாடிகளாகப் பிரித்தால், ஓரங்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 14 மீட்டர். பரப்பு மாறவில்லை. ஆனால் நம் நேரம் நடுக் கண்ணாடியில் போவதில்லை. வைப்பர் விட்டுச்செல்லும் ஓர ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுப்பதில்தான் போகிறது. சிறு கட்டங்கள் உள்ள வீட்டைப் பார்த்தவுடன் கண்ணாடிகளை எண்ணுங்கள், பரப்பைப் பார்க்காதீர்கள்.

ஏணி தேவைப்படும் மாடி, சாய்வுக் கண்ணாடி அடுக்குகள், கொசுவலை, நகரும் ஜன்னலின் கீழ்ப் பள்ளத்தில் சேர்ந்த மண் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை. நீண்ட நாள் துடைக்காத வீட்டில் முதல் தடவைக்கு, வழக்கமான கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை வாங்குவதில் தவறே இல்லை. வேலை அந்த அளவு இருக்கும்.

குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று அவசியம். இரண்டு ஜன்னலுக்காக நகரின் மறுகோடிக்குப் போய்வருவது நாளைத் தின்றுவிடும். ஒன்றரை மணி நேரத்துக் கட்டணத்தை அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வேகம்தான் இங்கே பணம் என்பதால், நல்ல வைப்பருக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். இலேசான பித்தளைக் கைப்பிடியும் ஒற்றை ரப்பர் பட்டையும் கொண்ட வடிவத்தை 1930களில் அமெரிக்காவில் எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர் உருவாக்கினார்; அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. வீடுகளுக்கு 35 சென்டிமீட்டர், கடைகளின் பெரிய கண்ணாடிக்கு 45 சென்டிமீட்டர் பட்டைகளை நான் விரும்புகிறேன். ரப்பரின் முனை சற்று மழுங்கினாலே கோடு விழத் தொடங்கும். கோடு விழுந்தால் மறுபடி துடைக்கவேண்டும், அந்த நேரத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். மலிவான ரப்பரைத் தேடுவதில் எந்த மிச்சமும் இல்லை.

மூன்றாம் படி: விலை சொல்லும் முன் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள்

வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் ஈர விரலால் தடவுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது உப்பு நீர்க் கறை. கால்சியம், மெக்னீசியம் உப்புகள் படிந்தவை. சோப்பு நீருக்கு அசையாது. மிதமான அமிலக் கரைசல் வேண்டும். கறை வருடக்கணக்கில் இருந்து கண்ணாடியே அரிக்கப்பட்டிருந்தால் அதுவும் பலிக்காது. ஒரு மூலையில் சோதித்துப் பார்க்காமல் "போக்கிவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த கறைநீக்கிகளைத் தயவுசெய்து தொடவே வேண்டாம். அது தோலைத் தாண்டி எலும்பு வரை சேதம் செய்யும்.

பெயின்ட், சிமென்ட் துளிகளைப் பிளேடால் சுரண்டச் சொன்னால் இன்னும் கவனம். வெப்பப்பதம் செய்த (டஃபன்ட்) கண்ணாடிகளில், தயாரிப்பின்போதே மிக நுண்ணிய கண்ணாடித் துகள்கள் மேற்பரப்பில் ஒட்டியிருப்பது உண்டு. பிளேடு அவற்றைப் பிடுங்கி இழுத்தால் நீளமான கீறல்கள் விழும். பழி நம் மேல் வரும். அத்தகைய கண்ணாடியின் மூலையில் பெரும்பாலும் சிறு முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள். சுரண்டும் வேலைக்கு எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே பிளேடை எடுங்கள்.

நான்காம் படி: அழுக்குக் கண்ணாடியால் யாருக்கு நஷ்டம்?

நல்ல விலை தருபவர் பணக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கண்ணாடி அழுக்கானால் யாருக்கு ஏதாவது இழப்பு வருகிறதோ அவர்தான் நல்ல விலை தருவார். என் அனுபவத்தில் வாடிக்கையாளர் தேடலுக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

காட்சிக்கூடம் வைத்திருப்பவரின் சரக்கே கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. பல் மருத்துவமனையின் வாசல் கண்ணாடியில் விரல் தடங்கள் இருந்தால் உள்ளே இருக்கும் சுத்தத்தையே நோயாளி சந்தேகிப்பார். விற்பனைக்கு வந்த வீட்டைப் படம் பிடிக்கும் முன் தரகருக்கு ஜன்னல் பளிச்சென்று இருக்கவேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்காரருக்கு விருந்தினரின் மதிப்புரை முக்கியம். அடுக்குமாடிக் குடியிருப்பின் மேலாளருக்குக் குடியிருப்போரின் புகார் வராமல் இருக்கவேண்டும். இவர்கள் யாரும் "பக்கத்துக்காரர் இதைவிடக் குறைவாகச் செய்கிறாரே" என்று தொடங்குவது அரிது. "எப்போது வருவீர்கள், தவறாமல் வருவீர்களா?" என்றுதான் கேட்பார்கள்.

வீடுகளிலும் இதே அளவுகோல்தான். பெரிய வீட்டைத் தேடாதீர்கள். வீட்டுக்காரர் தன் கையால் எட்டித் துடைக்க முடியாத உயரக் கண்ணாடி உள்ள வீட்டைத் தேடுங்கள்.

கட்டடம் முடிந்த பிறகு செய்யும் துப்புரவுக்குத் தொகை பெரியது. ஆனால் கீறல் அபாயமும் பணம் இழுபடுவதும் அதிகம். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அணுகும் முறை எளிது. ஒரு வீட்டை முடித்ததும், வேலை உடையிலேயே இரு பக்கத்து வீடுகளிலும் எதிர் வரிசையிலும் சீட்டுக் கொடுங்கள். அடுத்தடுத்த வீடுகள் கிடைத்தால் பயணம் குறையும். கண்ணாடி நேரம் 5 மணியிலிருந்து 6 ஆனால் விலையை ஏற்றாமலே நாள் வருமானம் 800லிருந்து 960 ஆகிறது. கடைகளுக்குக் கூட்டம் இல்லாத நேரத்தில் போய், அனுமதி கேட்டு, வாசல் கண்ணாடியில் பாதியை மட்டும் துடைத்துக் காட்டுங்கள். துடைத்த பாதிக்கும் துடைக்காத பாதிக்கும் நடுவில் நிற்கும் கோட்டை உரிமையாளர் பார்த்த பிறகு நீங்கள் அதிகம் பேசவேண்டியதில்லை.

இணையத்தில் போடும் படங்களையும் யோசித்து எடுங்கள். சுத்தமான கண்ணாடி படத்தில் தெரியாது. காலையில் சாய்ந்த வெயில் விழும்போது, வீட்டுக்குள்ளிருந்து ஒரே கோணத்தில் முன்னும் பின்னும் எடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஐந்தாம் படி: விலையைச் சொல்வதும் ஏற்றுவதும்

தொகையைச் சொன்னபின் நிறுத்திவிடுங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் நீங்களே பேரத்தைத் திறந்துவிடுகிறீர்கள். குறைக்கச் சொன்னால் வேலையைக் குறையுங்கள்: "வெளிப்புறம் மட்டும் செய்தால் இந்தத் தொகைக்கு முடியும்." அதே வேலைக்குத் தொகை இறங்கினால், முதலில் சொன்ன விலை பொய் என்று அவர் முடிவு செய்துவிடுவார். கேட்பவர்கள் எல்லோரும் யோசிக்காமல் சம்மதித்தால் உங்கள் விலை தாழ்வாக இருக்கிறது என்று பொருள்.

பழைய வாடிக்கையாளர்களிடம் விலை ஏற்றப் பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 20 சதவீதம் ஏற்றி, ஆறு பேரில் ஒருவர் விலகிப்போனாலும் மொத்த வருமானம் அப்படியே இருக்கும். வேலை மட்டும் ஆறில் ஒரு பங்கு குறையும். அந்த நேரத்தில் புதியவரைத் தேடலாம். ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். கண்ணாடி நேரத்துக்கு மிகக் குறைவாகத் தருகிறவர்களிலிருந்து தொடங்குங்கள்.

பின்னர் சேர்த்தவை

"துடைத்த மறுநாள் மழை பெய்தால் இலவசமாகத் திரும்பச் செய்யவேண்டுமா?" என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். மூன்று நாளுக்குள் கறை தெரிந்தால் வெளிப்புறத்தை மறுபடி துடைத்துத் தருவேன் என்று நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுத்தமான கண்ணாடியில் விழும் மழைநீர் பெரிதாகக் கறை விடாது. ஏற்கெனவே தூசி இருந்தால்தான் திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் திரும்ப அழைப்பவர் மிகக் குறைவு. அந்த வாக்கினாலேயே என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

தூய நீர்க் கம்பம், அதாவது உப்பு நீக்கிய நீரை நுனித் தூரிகைக்கு ஏற்றி, தரையில் நின்றபடியே உயரக் கண்ணாடியைக் கழுவும் நீண்ட கம்பம், வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். மாடி வேலை வாராவாரம் கிடைக்கத் தொடங்கினால் வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். ஏணி ஏறும் ஆபத்தைக் குறைக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. கரைந்த உப்பு இல்லாத நீர் என்பதால் துடைக்காமலே புள்ளியின்றிக் காயும். அளவுமானியில் உப்பளவு பூச்சியம் காட்டவேண்டும்; 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தாண்டினால் உப்பை வடிகட்டும் பிசினை (ரெசின்) மாற்றுங்கள்.

நிறுவனங்கள் பணத்தை இழுத்தடிப்பதைப் பற்றி வந்த புகார்கள்தான் அதிகம். வேலையை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே, பில்லில் கையெழுத்துப் போடுபவர் யார், மாதத்தில் எந்தத் தேதியில் பணம் விடுவார்கள் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம்மை வரச்சொன்ன மேலாளருக்கும் பணம் தரும் கணக்குப் பிரிவுக்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. பில்லை நேராகக் கணக்குப் பிரிவுக்கே அனுப்புங்கள். இரண்டு பில்கள் நிலுவையில் இருந்தால் மூன்றாவது முறை போகவேண்டாம். பணம் வந்ததும் வருகிறேன் என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதிவிட்டு, அந்த நாளை வேறொருவருக்குக் கொடுங்கள்.