தடித்த செரிஃப் எழுத்தில் தலைப்பு: 'பி' பொத்தானை நம்பி ஏமாறாதீர்கள்

ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு அட்டை செய்யும் வேலை. ஆங்கிலத் தலைப்பு, பழைய அச்சுப் புத்தகச் சாயலில் வேண்டும் என்றார்கள். செரிஃப் வகையைச் சேர்ந்த (கோட்டு முனைகளில் சிறு கொக்கி உள்ள) லிப்ரே பாஸ்கர்வில் எழுத்துருவை எடுத்தேன், எழுத்தைத் தடிக்க வைக்கும் 'பி' (போல்டு) பொத்தானை அழுத்தினேன், அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்தபோது சின்ன 'ஈ'யின் (e) கண், அதாவது உள்ளே இருக்கும் வெள்ளை, பாதி அடைந்து கிடந்தது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

படி 1: எழுத்துருவை இறக்குங்கள். லிப்ரே பாஸ்கர்வில், பிளேஃபேர் டிஸ்ப்ளே இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். பாஸ்கர்வில் போல்டு நிதானமானது. அட்டை, அழைப்பிதழ், அத்தியாயத் தலைப்பு எதற்கும் ஒத்துப்போகும். பிளேஃபேரில் தண்டு (நிமிர்ந்து நிற்கும் கோடு) கனம், குறுக்குக் கோடு மயிரிழை. பெரிதாகப் போட்டால் கம்பீரம், பொடியாகப் போட்டால் கண்ணைக் கரிக்கும். நிறுவுவது தெரியும்தானே, தாண்டிப் போகிறேன்.

படி 2: நிறுவியது உண்மையான போல்டுதானா என்று பாருங்கள். நான் விழுந்த இடம் இதுதான். என்னிடம் இருந்தது ரெகுலர் (சாதாரணக் கனம்) கோப்பு மட்டும். போல்டு கோப்பு இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் வாயைத் திறக்காமல் ரெகுலரையே எல்லாப் பக்கமும் உப்ப வைத்துக் காட்டிவிடும். உண்மையான போல்டு தனியாக வரையப்பட்ட எழுத்து: தண்டு நன்றாகத் தடிக்கும், மெல்லிய கோடு அந்த அளவுக்குத் தடிக்காது, உள்ளே வெள்ளை அடையாமலிருக்க எழுத்தே சற்று அகலும். ஒரு 'ஓ'வை (O) 200 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குப் பெரிதாக்குங்கள். பக்கங்களோடு உச்சியும் அடியும் சேர்ந்து வீங்கியிருந்தால் போலி.

இந்த எழுத்துருவின் பெயருக்குச் சொந்தக்காரரான ஆங்கிலேய அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் 1757இல் பண்டை ரோமானியக் கவி வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது அவரிடம் போல்டே கிடையாது. சாதாரண எழுத்துக்குத் துணையாகக் கனமான எழுத்தை வைக்கும் வழக்கத்துக்கு முன்னோடி, 1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன் எழுத்துரு. இன்றைய பாஸ்கர்வில் போல்டு எல்லாம் பின்னால் வந்தவர்கள் வரைந்தது.

படி 3: இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தலைப்பைத் தட்டுங்கள். வேர்டில் வேண்டாம், எழுத்துக்கு எழுத்து இடைவெளியைத் திருத்துவது அங்கே பெரும்பாடு. பெரிய 'ஏ' (A), 'வி' (V) பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நடுவே பள்ளம் தெரியும், கனமான எழுத்தில் இன்னும் பளிச்சென்று. இரண்டுக்கும் நடுவே கர்சரை வைத்து ஆல்ட் விசையோடு அம்புக்குறியைத் தட்டுங்கள். திரையை எவ்வளவு பெரிதாக்குகிறீர்களோ அவ்வளவு நுணுக்கமாக நகரும்.

படி 4: கறுப்பில் வெள்ளை எழுத்தா? மை பரவி மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். அங்கே பிளேஃபேர் வேண்டாம், பாஸ்கர்வில் போதும். அப்புறம் எழுத்தைப் பாதையாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி அச்சுக்கு அனுப்புங்கள். மாற்றும் முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள், பிழை திருத்த அதுதான் கைகொடுக்கும்.

பின்சேர்க்கை: "போல்டு பட்டியலிலேயே இல்லை" என்று இருவர் எழுதியிருந்தார்கள். இறக்கிய ஸிப்புக்குள் 'ஸ்டாட்டிக்' என்றொரு அடைவு இருக்கும். அதில் உள்ள கோப்புகளை நிறுவுங்கள்.

இன்னொருவர் தமிழ்த் தலைப்புக்கு என்ன செய்வது என்று கேட்டார். இந்த இரண்டிலும் தமிழ் இல்லை, மென்பொருள் வேறெங்கிருந்தோ கடன் வாங்கும். நோட்டோ செரிஃப் தமிழ் எடுங்கள், ஆனால் மிகக் கனமான 'பிளாக்' வரை போகாதீர்கள். 'ண', 'ஞ' சுழிகள் நெருங்கிவிடும். போல்டுக்கு ஒரு படி குறைந்த செமிபோல்டு போதும்.