திர்த்தா கங்கா: பாலியின் அரச நீர்த்தோட்டத்தை முதல்முறை பார்ப்பது எப்படி

பாலித் தீவின் கிழக்கே, அம்லாபுரா ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் இருக்கிறது திர்த்தா கங்கா. காராங்காசெம் அரசர் 1946-இல் கட்டத் தொடங்கியது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்ததில் பெரும் சேதம். இன்று பார்ப்பதில் பெரும்பகுதி பின்னால் புதுப்பித்தது. பலர் படம் எடுத்துக்கொண்டு அரைமணியில் கிளம்பிவிடுகிறார்கள். ஊற்றைப் பார்க்காமல் போனால் தோட்டத்தைப் பார்த்ததாகவே ஆகாது.

1. தென்பாலியிலிருந்து வர இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். விடியலிலேயே புறப்படுங்கள். லெம்புயாங் கோயில் பார்த்த கூட்டம் அங்கிருந்து நேராக இங்கேதான் வரும். பாலி இந்துக்களின் மௌனப் புத்தாண்டான நியெப்பி நாளன்று தீவு முழுக்க ஊரடங்கு. விமான நிலையமும் மூடியிருக்கும். தேதியைச் சரிபார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

2. சில்லறையாக ரூபியா (இந்தோனேசியப் பணம்), மாற்றுடை, துண்டு, பிடிமானமுள்ள செருப்பு, ஒரு கைலி எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டில் நீச்சலும் சேர்த்தியா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

3. உள்ளே போனதும் முதலில் நடைக்கற்கள் உள்ள குளம். தண்ணீருக்குள் தனித்தனியாக நிற்கும் கற்களில் கால் வைத்துச் சிலைகளுக்கு நடுவே நடக்கலாம். ஒரு கல்லில் இரண்டு பேர் விலக முடியாது. எதிரே ஆள் வந்தால் கரையிலேயே நில்லுங்கள். ஈரக் கல் வழுக்கும், குழந்தையின் கையை விடாதீர்கள். படம் முதலில், மீனுக்குப் பொரி பிறகு. பொரி விழுந்ததும் கெண்டைகள் மொய்த்துத் தண்ணீரைக் கலக்கிவிடும், அப்புறம் சிலையின் நிழல் நீரில் விழாது.

4. பதினோரு அடுக்கு நீரூற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். ஆலமரத்தடியில் சுரக்கும் நீர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். குளங்கள், அம்லாபுராவின் குடிநீர், கீழே உள்ள நெல்வயல் எல்லாமே இதை நம்பித்தான். கோயில் சடங்குகளுக்குத் தீர்த்தம் எடுப்பதும் இங்கேதான். அதில் கால் கழுவாதீர்கள், சோப்பு பக்கமே கொண்டுபோகாதீர்கள். கோயில் பகுதிக்குள் கைலியும் இடுப்புக்கச்சும் வேண்டும். மாதவிடாய் நாட்களில் பெண்கள் உள்ளே போவதில்லை என்பது பாலிக் கோயில்களின் பொது வழக்கம். வணங்குபவர்களுக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள். தென்னங்குருத்துத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்த படையல் தரையில் இருக்கும். தாண்டாமல் சுற்றிப் போங்கள்.

5. குளியலைக் கடைசியில் வையுங்கள். ஊற்று நீர் நல்ல குளிர்ச்சி, படிப்படியாக இறங்குங்கள். நீச்சலுடையோடு தோட்டத்தில் உலாவ வேண்டாம்.