ஒரு பெரிய கார்டா, இரண்டு சின்ன கார்டா? வேலூர் வெயிலையும் கணக்கில் சேருங்கள்

கேம் விளையாடத்தான் கம்ப்யூட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒரே கிராபிக்ஸ் கார்டு போதும். இரண்டு கார்டைப் பாலம் போட்டு ஒரே கேமை ஓட்டும் எஸ்எல்ஐ முறைக்குப் புதிய டிரைவர் புரொஃபைல் தருவதை என்விடியா 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து வந்த என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகளில் அந்தப் பாலத்தை மாட்ட இடமே கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு வாங்கிப் போட்டால் ஒரு கார்டில்தான் கேம் ஓடும், மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும்.

ரெண்டரிங் (3டி காட்சியைப் படமாக்குவது), ஏஐ வேலை என்றால் கதை வேறு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸில், 12 ஜிபி மெமரியுள்ள இரண்டு ஆர்டிஎக்ஸ் 3060-ம் சேர்ந்தே உழைக்கும். ஆனால் 12-ம் 12-ம் சேர்ந்து 24 ஜிபி ஆகிவிடாது. காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டின் மெமரியிலும் தனித்தனியாக ஏற வேண்டும். 14 ஜிபி கேட்கும் காட்சி இரண்டிலுமே திணறும். உங்கள் காட்சி 10 ஜிபிக்குள் அடங்குமானால் இரண்டு கார்டு நல்ல பேரம்.

ஏஐ மொழி மாடல்களை வீட்டிலேயே ஓட்டும்போது மெமரி உண்மையிலேயே கூடும். லாமா சிபிபி போன்ற மென்பொருள் மாடலின் அடுக்குகளைப் பிரித்துப் பாதியை ஒரு கார்டிலும் மீதியை இன்னொன்றிலும் வைக்கும். 4 பிட்டாகச் சுருக்கிய 3,200 கோடி பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட மாடல் ஏறத்தாழ 20 ஜிபி. ஒற்றை 16 ஜிபி கார்டில் அது முழுதாக ஏறாது, இரண்டு 12 ஜிபி கார்டில் ஏறிவிடும். வேகம் மட்டும் இரட்டிப்பாகாது. அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும், ஒரு கார்டு வேலை செய்யும்போது மற்றது காத்திருக்கும்.

பணம் கொடுக்கும் முன் மதர்போர்டைப் பாருங்கள். இரண்டாவது நீள ஸ்லாட் பார்க்க 16 லேன் (டேட்டா போகும் பாதை) மாதிரி இருக்கும். நடுத்தர போர்டுகள் பலவற்றில் உள்ளே ஓடுவது 4 லேன், சிலவற்றில் ஒன்றே ஒன்று. கையேட்டில் 8+8 என்று பிரித்துத் தரும் போர்டு கிடைத்தால் நல்லது. ரெண்டருக்கு 4 லேன் போதும். இரண்டரை ஸ்லாட் தடிமனுள்ள கார்டு கீழே போனால், போர்டின் அடியிலுள்ள யூஎஸ்பி பின்களை மறைத்துவிடும். ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

இனி வெயில். கத்திரி நாட்களில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு மொட்டைமாடி ரூமில் 38 டிகிரி சாதாரணம். 25 டிகிரி ரூமில் 68-ல் நிற்கும் கார்டு அங்கே 80-ஐத் தாண்டும். 83-ஐ நெருங்கினால் 3060 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டு கார்டு இருந்தால் கீழ் கார்டு விடும் சூட்டுக் காற்றை மேல் கார்டின் ஃபேன் உறிஞ்சும். முதலில் தவிப்பது மேல் கார்டுதான். நடுவில் ஒரு ஸ்லாட்டாவது காலியாக விடுங்கள். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும்.

கரண்ட் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. 3060 ஒன்றுக்கு 170 வாட், இரண்டுக்கு 340. ஒற்றைப் பெரிய கார்டான 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 300 வாட். இரண்டுக்குமே 750 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கலாம். ஒவ்வொரு கார்டுக்கும் தனி கேபிள் இழுங்கள், ஒரே கேபிளின் இரட்டை முனையை இரண்டு கார்டுக்கும் பங்கிட வேண்டாம். 16 பின் கனெக்டர் உள்ள கார்டில், இடைவெளி தெரியாதவரை அழுத்திச் செருகுங்கள். பாதி செருகினால் பிளாஸ்டிக் உருகக்கூடும். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் நடுவில் கரண்ட் போனால் அது உடனே அணைந்துவிடும். 600 வாட்டாவது தாங்கும் யூபிஎஸ் தேடுங்கள்.

இரண்டு கார்டு என்றே முடிவெடுத்தால் டிரைவரோடு வரும் என்விடியா-எஸ்எம்ஐ (nvidia-smi) கட்டளையில் ஒவ்வொன்றுக்கும் 130 வாட் வரம்பு வையுங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே இறங்கும். ரீஸ்டார்ட் செய்தால் வரம்பு அழிந்துவிடும், எனவே கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக ஓடும்படி அமைத்துவிடுங்கள்.