டெம்போ டிராவலரில் கேஸ் வாட்டர் ஹீட்டர் மாட்டுவது எப்படி

சென்னை தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு, கேரவனாக மாற்றிய வேனுக்கு வாட்டர் ஹீட்டரா என்று எங்கள் தெருவில் சிரிக்காத ஆளில்லை. நியாயம்தான், மே மாதம் இங்கே மாடி டேங்கிலிருந்து இறங்குவதே வெந்நீர். ஆனால் ஜனவரியில் ஊட்டியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் பிள்ளைகளைக் குளிக்கக் கூப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

முதலில் ஒரு விஷயம். வீட்டுக் குளியலறைச் சுவரில் தொங்குமே கேஸ் கீசர், அதை வேனில் மாட்டவே மாட்டாதீர்கள். விலை குறைவு, சின்னதாக இருக்கிறது என்று எனக்கும் ஒருவர் தலையில் கட்டப் பார்த்தார். அது எரியத் தேவையான காற்றை நீங்கள் நிற்கும் அறையிலிருந்தே இழுத்துக்கொண்டு புகையையும் அங்கேயே விடும். ஜன்னலைச் சாத்திய வீட்டுக் குளியலறைகளிலேயே கார்பன் மோனாக்சைடால் உயிர் போயிருக்கிறது, வேன் குளியலறையோ ஒரு பீரோ அளவு. கேரவனுக்கென்றே செய்த டேங்க் ஹீட்டர்தான் வேண்டும். 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் பிடிக்கும். பர்னர் இருக்கும் முகம் வண்டிக்கு வெளியே பார்த்திருக்கும், காற்று எடுப்பதும் புகை விடுவதும் தெருப்பக்கம்.

இடம் பார்க்கும்போது, திறக்கும் ஜன்னலுக்குக் கீழேயோ கதவுக்குப் பக்கத்திலேயோ வேண்டாம், புகை திரும்ப உள்ளே வரும். தண்ணீர் மட்டுமே 23 கிலோ என்பதால் அடியில் கெட்டியான பலகை இருக்க வேண்டும். அப்புறம் வெட்டுவது. மாதவரம் பக்கம் ஒரு ஷெட்டில் நான் செய்த தப்பு, வெளிப்பக்கம் கோடு போட்டு நேராக ஜிக்ஸா ரம்பத்தை இறக்கியது. நடுவில் ஸ்கொயர் பைப் ஓடிக்கொண்டிருந்தது. அதை அறுத்து மேலும் கீழும் குறுக்குப் பைப் வைத்து வெல்டு பண்ண ஒரு நாள் போனது. உள்பக்கம் பிளைவுட்டைக் கழற்றி, பைப்பும் வயரும் எங்கே போகிறது என்று பார்த்து, உள்ளிருந்து நான்கு மூலையிலும் துளை போட்டுவிட்டு வெளியே வந்து வெட்டுங்கள். அளவை ஹீட்டருடன் வரும் புத்தகத்திலிருந்து அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டால் கை தடுமாறாது. இப்படி வண்டியை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. ஓட்டை போடும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

விளிம்பு முழுக்க பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் போன்ற பட்டை) ஒட்டி, வெளியிலிருந்து தள்ளி ஸ்குரூ போடுங்கள். தண்ணீர் லைன் சுலபம்: கீழே குளிர்நீர், மேலே வெந்நீர், பித்தளை ஃபிட்டிங். டேங்கில் நேராக சி.பி.வி.சி. பைப்பை மாட்டினால் வண்டி ஆட்டத்தில் கழுத்து உடையும், நடுவில் ஒரு பிரெய்டட் ஹோஸ் (பின்னல் உறை போட்ட வளையும் குழாய்) கொடுங்கள். இந்தச் சாமான்களெல்லாம் செம்புதாஸ் தெருவில் ஒரு நடையில் வாங்கிவிடலாம்.

கேஸ் லைன்தான் நிதானம் கேட்கும். செம்புக் குழாய், ஃபிளேர் ஜாயின்ட் (குழாய் நுனியைப் புனல் போல விரித்து இறுக்கும் இணைப்பு), தகடு வழியாகப் போகுமிடத்தில் ரப்பர் கிராமெட் வளையம். ஃபிளேரில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அங்கே உலோகம்தான் உலோகத்தில் பதிய வேண்டும். கை பழகாவிட்டால் இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், இதில் வெட்கம் இல்லை. ஹீட்டர் கேட்கும் கேஸ் அழுத்தம் 11 அங்குல உயரத் தண்ணீர் தரும் அழுத்தம், சுமார் 27 மில்லிபார். ஓட்டல் அடுப்புக்கு விற்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். வெளிநாட்டு ஹீட்டர்கள் சுத்த புரொப்பேனுக்குச் செய்தவை, நம் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும், எனவே பர்னர் ஒத்துவருமா என்று வாங்கும்போதே கேளுங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில் ஆவியாகாமல் திரவமாகவே நின்றுவிடும், ஊட்டியில் விடியற்காலைச் சுடர் சோம்பலாக எரிந்தால் காரணம் அதுதான்.

சிலிண்டர் 5 கிலோ போதும். வீட்டுச் சிவப்புச் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும் தருவது, அதைத் தூக்கி வண்டியில் வைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், ஆகவே சிலிண்டர் பெட்டி வண்டிக்குள் பார்த்த பக்கம் திறப்பில்லாமல் முழுக்க அடைத்தும் அடித்தளத்தில் வெளியே ஓட்டை வைத்தும் இருக்க வேண்டும். கேஸ் அலாரத்தையும் தரையோரமே மாட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி, படுக்கும் இடத்தருகே. ஓடும்போதும் பெட்ரோல் பங்க்கிலும் வால்வு மூடியே இருக்கட்டும்.

எல்லா ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஒரு குமிழி வந்தாலும் ஸ்பேனரை எடுங்கள், தீக்குச்சி கிட்டே வரவே கூடாது. அடுத்து டேங்கை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்று துப்பாமல் தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகே சுவிட்ச் போடுங்கள், காலி டேங்கில் பர்னர் எரிந்தால் டேங்க் போச்சு. 12 வோல்ட்டில் பொறி வரும். பைப்பில் காற்று இருப்பதால் முதல் இரண்டு தரம் பிடிக்காமல் போகலாம். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் உடனே அணைத்துவிட்டுக் காற்று வழியையும் ஜெட்டையும் (கேஸ் வரும் சின்னத் துளை) பாருங்கள்.

சபர்பன் கம்பெனி ஹீட்டர் மாதிரி இரும்பு டேங்க் என்றால் உள்ளே ஆனோடு ராடு இருக்கும், டேங்குக்குப் பதிலாக அது கரைந்துபோகும். எங்கள் பக்கத்து உப்புப் போர்வெல் தண்ணீரை ஊற்றினேன், முதல் வருடமே ராடு குச்சியாகிவிட்டது. கழற்ற 27 எம்.எம். சாக்கெட் பொருந்தும், ஆனால் தண்ணீர் நன்றாக ஆறி, பம்ப்பை நிறுத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகு, கொஞ்சம் ஒதுங்கி நின்று.