பாட்டு வருகிறது, ரேடியோ மட்டும் வரவில்லையா?

கொழும்பில் ஓடும் கார்களில் நிறைய ஜப்பானில் இருந்து வந்தவை. அந்தக் காரின் ஆடியோ செட்டில் புளூடூத் பாட்டு நன்றாகக் கேட்டு, ரேடியோவில் மட்டும் இரைச்சல் வந்தால் செட்டைக் குறை சொல்லாதீர்கள். ஜப்பானின் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90-95க்குள்ளேயே முடிந்துவிடும். நம்முடையது 108 வரை போகும். அதனால் நம் நிலையங்களை ஜப்பான் செட்டின் எல்லைக்குள் இறக்கித் தர, ஏரியல் வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியைப் பூட்டியிருப்பார்கள். அதற்கும் கரண்ட் வேண்டும். குண்டும் குழியுமான வீதியில் ஆடி ஆடி அதன் வயர் கழன்றிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பெட்டியே பழுதென்றால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடலாம், புது செட் தேவையில்லை.

செட் முழுதாகவே செத்துவிட்டதா? அப்போது பியூஸ். காரில் ஒன்று, பெரும்பாலும் செட்டின் பின்னாலும் ஒன்று. 10 ஆம்பியர் எரிந்தால் 10தான் போட வேண்டும். கையில் இருக்கிறதே என்று 20 போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அடுத்த முறை பியூஸுக்குப் பதில் வயர்தான் எரியும்.

வயரில் கை வைக்கும் முன் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சில செட்கள் அதற்குப் பிறகு பாஸ்வேர்ட் கேட்கும், அதை முன்பே தேடி வையுங்கள்.